நடந்துகொண்டே சொன்ன ஆணை

ஒரு காலத்தில் மணக்காட்டுச் சீமையைக் கனகசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். ஒரே குறை, அவரால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சிம்மாசனத்துக்குத் தினமும் தூசி தட்டுவதோடு சரி. சபையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டேதான் ஆட்சி. ஆணையில் பாதியை மேற்குச் சுவரில் சொல்வார். விட்டுப்போன விவரம் கிழக்குச் சுவருக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

அதை எழுதுகிறவர் ஓலைநாயகம் சேந்தனார். ஓலையில் எழுத்தாணியால் கீறியதை அழிக்க முடியாது. ராஜ வாக்கை அடிப்பதும் கூடாது, இடையில் செருகுவதும் கூடாது என்பது அவர் வைத்த வழக்கம். பின்னால் வந்த சொல் எதுவானாலும் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். "பன்னிரண்டு வருஷத்தில் ஓர் அடித்தல் உண்டா?" என்று மீசையை நீவிக்கொள்வார்.

இப்படியிருக்க, யானைக் கொட்டிலில் தீப்பிடித்தது. அன்றைக்குக் காவல் முறை இரண்டு பேருக்கு. கூத்தன் என்பவன் சங்கிலிகளை அவிழ்த்து ஏழு யானைகளையும் வெளியே விட்டான். மற்றவன் வில்லவன், சேந்தனாரின் தங்கை மகன், குறட்டை விட்டுத் தூங்கினான். யானைகள் பிழைத்தன. ஆனால் அவை மிரண்டு ஓடியதில் ராஜாவின் கரும்புத் தோட்டம் நாசமாகிவிட்டது. ராஜா விறுவிறுவென்று நடந்து ஆணையிட்டார். ஓலையில் இப்படி விழுந்தது: "காவலன் ஒருவனுக்குப் பட்டும் நிலமும் தருக. மற்றவனைக் கழுவில் ஏற்றுக. யானைகளை அவிழ்த்துவிட்டவன்."

ஓலையில் 'அவிழ்த்துவிட்டவன்' என்ற சொல் கழுவுக்குப் பக்கத்தில் இருந்தது. அது போதாதா? கூத்தனைப் பிடித்துக் கட்டினார்கள். வில்லவன் பட்டு உடுத்திக்கொண்டான். ராஜாவைக் கேட்டதற்கு, "அன்றைக்குச் சொன்னது இன்றைக்கு நினைவிருக்குமா? ஓலையில் இருப்பதுதான் என் வாக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் நீதிபதி வேலைக்குத் தேர்வு. ராஜா அந்த ஓலையையே கேள்வியாக வைத்தார். "படித்துப் பார்த்து, கழு யாருக்கு என்று காரணத்தோடு சொல்கிறவருக்குப் பதவி. உச்சிப் பொழுதுக்குள் முடியுங்கள்." வாசலில் தச்சன் கழுமரத்தைச் சீவுகிற சத்தம் சபைக்குள் கேட்டது. கை கட்டப்பட்டு நின்ற கூத்தன் ஒவ்வொரு சீவலுக்கும் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆறு பண்டிதர்கள் வந்தார்கள். ஆறு பேரும் கூத்தனுக்குத்தான் கழு என்றார்கள். எனக்கு ராஜாவைவிட அவர்கள் மேல்தான் கோபம். ஓலையைப் பார்த்தார்களே தவிர, அதைச் சொன்னவரின் கால்களை ஒருவராவது பார்த்தாரா?

ஏழாவதாக வந்தவள் உலகம்மை. கோட்டை வாசலில் ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பவள். தன் எழுத்தைவிட அவள் எழுத்தை ஊர் மெச்சுவதில் சேந்தனாருக்கு நெடுநாள் எரிச்சல்.

"மனு எழுதுகிற கைக்கு நீதிபதி ஆசையா?" என்று சிரித்தார்.

"ஆசை இல்லீங்க, அவசரம். வெளியில மரம் கூராகிக்கிட்டிருக்கு" என்றாள் உலகம்மை. "மகாராஜா, பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். ஓலைநாயகருக்கு ஒரு மரியாதை செய்ய ஆணை போடுங்க. எப்பவும்போல."

"அதற்கென்ன" என்று ராஜா நடக்கத் தொடங்கினார். "சேந்தனாருக்கு முத்துமாலை சூட்டுக." மேற்குச் சன்னல் வழியே லாயம் தெரிந்தது. "நொண்டிக் குதிரைக்கு எண்ணெய் தேய்க்க." திரும்பிக் கிழக்குச் சுவருக்கு வந்தார். "சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சாமரம் வீசி."

சேந்தனார் வழக்கம்போல் வரிசையாகக் கீறினார். உலகம்மை ஓலையை வாங்கி உரக்கப் படித்தாள். "முத்துமாலை ஓலைநாயகருக்கு. எண்ணெய் குதிரைக்கு. சிம்மாசனத்துக்குப் பக்கத்துல உட்கார வைக்கணுமாம். சரி, குதிரையைக் கூட்டிட்டு வாங்க."

லாயக்காரர்கள் ஓடினார்கள். சேந்தனார் பதறி எழுந்தார்.

"நில்லுங்கள். அந்த ஆசனம் எனக்கு. குதிரைக்கு இல்லை."

"ஓலையில குதிரைக்குப் பக்கத்துலதானே இருக்கு?"

"பக்கத்தில் இருந்தால் ஆயிற்றா? மன்னர் கிழக்குச் சுவருக்கு வந்தால் எப்போதும் முதலில் சொன்னதற்குத்தான் விவரம் சேர்ப்பார். பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறேன், எனக்குத் தெரியாதா?"

உலகம்மை பழைய ஓலையை அவர் கையில் கொடுத்தாள். "அப்படின்னா இதையும் நீங்களே சொல்லுங்க. யானைகளை அவிழ்த்துவிட்டவனுக்கு என்ன?"

சேந்தனார் ஓலையை இன்னொரு முறை படித்தார். "பட்டும் நிலமும்" என்றார்.

"மற்றவனுக்கு?" என்றார் ராஜா.

பட்டு உடுத்தி நின்ற தங்கை மகனைச் சேந்தனார் பார்த்தார். அப்படியே தரையில் விழுந்தார். "பிரபு, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட உத்தரவு கொடுங்கள்."

ராஜாவின் நடை இன்னும் வேகமானது. "உலகம்மை, இனி நீதான் நீதிபதி. தூங்கினவனைப் பிடியுங்கள், அவனை இப்போதே..."

"உட்கார்ந்து சொல்லுங்க, மகாராஜா."

ராஜா நின்றுவிட்டார். அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

"எங்கிட்ட மனு எழுத வர்றவங்க எல்லாருமே கொதிச்சுப்போய்தான் வருவாங்க. உட்கார வைக்காம நான் ஓர் எழுத்துகூட எழுதமாட்டேன்."

ராஜா போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முழங்கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. பிறகு அவையும் ஓய்ந்தன.

"தூங்கினதற்குக் கழுவா?" என்றார் மெதுவாக. "வேண்டாம். பட்டைக் கழற்றிக் கூத்தனிடம் கொடுக்கட்டும். ஒரு வருஷம் ஏழு யானைக்கும் சாணி அள்ளட்டும், கூத்தன் சொல்கிறபடி. அந்த முத்துமாலையைக் குதிரைக்கே போடுங்கள்."

சேந்தனார் எழுதி முடித்தார்.

"இப்ப அதை மகாராஜாவுக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றாள் உலகம்மை.

அவர் படித்தார். கனகசேனன் தன் ஆணையைத் தன் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்றார்.

கயிற்றை அவிழ்த்தார்கள். கூத்தன் அதுவரைக்கும் அழவில்லை, அப்போதுதான் அழுதான்.