தவளைத்தாய் வழிவிடாத வீடு

நைல் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க் கோயிலில் இருந்தவள் தவளைத்தாய். தவளைத் தலையும் பெண் உடம்புமாகக் கல்லில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைப்பேறு அவள் பொறுப்பு என்பது எகிப்தியர்களின் நம்பிக்கை. அதனால் அங்கே தவளையை யாரும் மிதிக்க மாட்டார்கள், விரட்டவும் மாட்டார்கள். நடுவழியில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தால், வருகிறவன் பார்வோனின் அதிகாரியே ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

கோயிலின் பெரிய பூசாரி மெரிரா. வயதானவர். பேச்சு குறைவு. அவருடைய சீடன் பாசேர். நீலக் களிமண்ணில் குட்டித் தவளை உருவங்கள் பிடித்து, சுட்டு, நூலில் கோத்துக் கர்ப்பிணிகளுக்குக் கட்டிவிடுவது அவன் வேலை. அவன் கட்டிய தாயத்து இல்லாமல் அந்த ஊரில் ஒரு பிள்ளையும் பிறந்ததில்லை.

ஆனால் பாருங்கள், அவன் வீட்டில் மட்டும் தொட்டில் காலியாகக் கிடந்தது. அவன் மனைவி தாமித்துக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இரண்டாவதும் அப்படியே. இப்போது மூன்றாவது, நிறைமாதம். பாசேர் அவள் கழுத்திலும் கையிலும் இடுப்பிலுமாகத் தவளை தவளையாகக் கட்டிவைத்திருந்தான். பாவம், அவள் புரண்டு படுத்தாலே கலகலவென்று சத்தம் கேட்கும்.

ஒரு நாள் மாலை அவன் வீட்டு வாசலில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். செங்கல் சூளையில் வேலை செய்கிற எபிரேய அடிமை. பேர் ஏலாள். தலையெல்லாம் சூளைப் புழுதி. தன் ஜனத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கிறவள்.

"ஏய் கிழவி, உன்னை யாரு கூப்பிட்டது?" என்றான் பாசேர்.

"யாரும் கூப்பிடல சாமி."

"பின்னே யாரு அனுப்பினது?"

"ரெண்டு தடவை கைநழுவிப் போச்சுன்னு சூளையில பேசிக்கிட்டாங்க. மனசு கேக்கல, வந்துட்டேன். குடிக்கத் தண்ணி இருந்தா குடு."

"இங்கே தாயே காவல் இருக்கா. அடிமைச்சி எதுக்கு?"

"இருக்கட்டுமே. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்."

போகச் சொல்லியும் அவள் போகவில்லை. தாமித்தே உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் விடியும்போது ஆற்றிலிருந்து தவளைகள் ஏறி வந்தன. தன் ஜனத்தைப் போகவிடும்படி எபிரேயரின் தலைவர் பார்வோனிடம் கேட்டதும், பார்வோன் முடியாது என்றதும், அவர்களுடைய கடவுள் ஆற்றை ரத்தமாக்கியதும் ஊரறிந்த கதை. தண்ணீர் தெளிந்து கொஞ்ச நாள்கூட ஆகவில்லை. அதற்குள் இது.

ஊர் பயந்தது என்றா நினைக்கிறீர்கள்? கொண்டாடியது! "அம்மாவே நேர்ல வந்துட்டா!" என்று வாசலுக்கு வாசல் விளக்கேற்றினார்கள். கிண்ணத்தில் பால் வைத்தார்கள். பாசேருக்குத் தலைகால் புரியவில்லை. கதவைத் திறந்துவைத்து, "வா தாயே, உள்ளே வா" என்றான்.

வந்தாள். நன்றாகவே வந்தாள்.

மதியத்துக்குள் மாவு பிசைகிற தொட்டியில் தவளை, அடுப்பில் தவளை, படுக்கையில் தவளை. சூளைக்குள்ளும் புகுந்துவிட்டதால் செங்கல் வேலையே நின்றுபோயிற்று. பார்வோனின் மந்திரவாதிகள் சும்மா இருந்தார்களா? நாங்கள் என்ன சளைத்தவர்களா என்று மந்திரம் போட்டு இன்னும் கொஞ்சம் தவளைகளை வரவழைத்தார்கள். இருப்பது போதாதென்று! கெட்டிக்காரர்கள்.

பாசேர் குருவிடம் போனான். மெரிரா தன் சோற்றுக் கிண்ணத்திலிருந்து ஒரு தவளையை எடுத்து மெதுவாகக் கீழே விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது அருளா? தண்டனையா?"

"வந்திருக்கிறவளையே கேளு."

"கேட்டா சொல்லுவாளா?"

"இத்தனை வருஷமா நாம கேட்டதுக்குச் சொல்லியிருக்காளா?"

பாசேருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வயசாகிவிட்டது, ஏதோ பேசுகிறார் என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பினான்.

அடுத்த நாள் உச்சிப்பொழுது தாண்டியதும் தாமித்துக்கு வலி கண்டது.

அந்த ஊரில் பெண்கள் இரண்டு செங்கல்மேல் குந்தி உட்கார்ந்துதான் பிள்ளை பெறுவார்கள். கல்லில் தவளைத்தாயின் படம் வரைந்திருக்கும். பாசேர் வெகு ஆசையாகத் தன் கையாலேயே வரைந்து வைத்திருந்தான். இப்போது அந்தக் கற்கள் கண்ணுக்கே தெரியவில்லை. அறை முழுக்கத் தவளை. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. தாமித் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏலாள் அறை வாசலுக்கு வந்தாள். "கல்லை ஒழிச்சுக் குடு சாமி. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"நீயே ஒழிச்சுக்கோயேன்!"

"நான் தொட்டு ஒண்ணு செத்துப்போச்சுன்னா உங்க ஆளுங்க என்னை உயிரோட விடுவாங்களா? நீதான் ஒழிக்கணும்."

அவள் சொன்னது நிஜம். பாசேர் மண்டி போட்டான். கைகூப்பினான். "தாயே, கொஞ்சம் நகர்ந்துக்க. அவ கால் வைக்க இடம் விட்டாப் போதும். உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

ஒரு தவளை தாவி அவன் மடியில் உட்கார்ந்தது. மற்றவை கத்திக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து அரண்மனைச் சேதி ஒன்று தெருவில் வந்தது. தவளைகளை எடுத்துவிடச் சொல்லி எபிரேயர் தலைவரிடம் பார்வோனே கேட்டுக்கொண்டாராம். "எப்போது வேண்டும் என்று நீரே சொல்லும்" என்றாராம் அவர். பார்வோன் "நாளைக்கு" என்றாராம்.

பாசேருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிவந்து ஏலாளிடம் சொன்னான். "நாளைக்குப் போயிடுமாம்! அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு."

"யாரை? உன் பொண்டாட்டியையா, வயித்துல இருக்கறதையா?"

"ஒரே ஒரு ராத்திரிதானே?"

"இன்னைக்கேன்னு கேக்க அந்த மகராசனுக்கு வாய் வரல. உனக்கும் வரல. பனிக்குடம் உடைஞ்சாச்சு சாமி. இது தாங்காது."

உள்ளேயிருந்து தாமித் கூப்பிட்டாள். "என்னங்க... என்னால முடியலங்க. இந்தப் பிள்ளையும் போயிடுமா?"

பாசேர் கோயிலுக்கு ஓடினான். ஓடினான் என்று சொல்வதே தப்பு. தவளை மிதிபடக் கூடாதே! இங்கே ஒரு காலும் அங்கே ஒரு காலுமாகத் தாவித் தாவிப் போனான். பெற்றவன் படுகிற பாட்டைப் பார்த்தால் கல்லும் அழுதிருக்கும். கருவறையில் இருந்த கல் அழவில்லை.

"ஐயா! தாயை நான் விளக்குமாத்தால தள்ளலாமா? பாவமா, இல்லையா? சொல்லுங்க!"

மெரிரா எழுந்து கருவறைக்குள் போனார். அங்கே பேரீச்சை நாரில் கட்டிய ஒரு விளக்குமாறு தொங்கும். தாயின் சன்னிதியைக் கூட்டுவதற்கென்றே இருப்பது. அது கோயில் வாசலைத் தாண்டியதே இல்லை. அதை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். முதல் படியிலேயே கூட்ட ஆரம்பித்தார்.

தெருவில் நின்றவர்கள் வாயில் கை வைத்தார்கள். "ஐயையோ! பெரியவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு!"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெதுவாக, ஒன்றுக்கும் அடிபடாமல், இருபுறமும் ஒதுக்கிக்கொண்டே நடந்தார். அவர் ஒதுக்கிய வழியில் பாசேர் பின்னால் வந்தான். தவளைகள் வந்த பிறகு அப்போதுதான் அவன் பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது.

பிரசவ அறை வாசலில் மெரிரா நின்றார். விளக்குமாற்றை நீட்டினார்.

"இதுக்கு மேல உன் வீடு."

பாசேர் அதை வாங்கிக்கொண்டான். "தாய் கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கட்டுமே. அதுக்காவது வாயைத் திறக்கிறாளான்னு பாப்போம்."

உள்ளே தாமித் அலறினாள். பாசேர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தள்ளு தள்ளினான். வானம் இடிந்து விழவில்லை. கண்ணைத் திறந்தான். தள்ளப்பட்ட தவளைகள் மூலையில் போய் உட்கார்ந்து மறுபடி கத்தின. தவளைகள், அவ்வளவுதான். பிறகு அவன் பரபரவென்று கூட்டினான். அழுதுகொண்டே கூட்டினான். கற்கள் இரண்டும் வெளியே தெரிந்தன.

ஏலாள் தாமித்தைத் தாங்கி உட்காரவைத்தாள். இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்ன இத்தனை கட்டு? வயித்தை அழுத்துது. அறுத்துப் போடு" என்றாள்.

தான் கட்டியதைத் தானே அறுத்தான் பாசேர். நீலத் தவளைகள் தரையில் கொட்டி உருண்டன.

அப்புறம் அவனை வெளியே அனுப்பிவிட்டாள். குருவும் சீடனும் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளே ஏலாள் தன் பாஷையில் யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தாள். கெஞ்சுகிற குரல் இல்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் பிள்ளை அழுதது.

"பொண்ணு" என்றாள் ஏலாள், துணியில் சுற்றி நீட்டியபடி. "கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா போயிருக்கும்."

பாசேர் பிள்ளையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அம்மா" என்றான்.

மறுநாள் தவளைகள் செத்தன. வீட்டில், முற்றத்தில், வயலில் எங்கும் குவியல் குவியலாகக் கிடந்தன. ஊரெல்லாம் நாற்றம். நேற்று வாயில் கை வைத்து நின்றவர்களெல்லாம் இப்போது ஆளுக்கொரு விளக்குமாற்றுடன் தெருவில் இறங்கியிருந்தார்கள். சூளையில் வேலை தொடங்கிவிட்டதால் ஏலாள் விடிந்ததுமே போய்விட்டாள். தாமதித்தால் மேஸ்திரியின் சவுக்கு பேசும்.

குருவும் சீடனும் படித்துறையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பாசேர் கூட்டுவதை நிறுத்தினான்.

"ஐயா, தாய் வெறும் தவளைதான். ஒத்துக்கறேன். ஆனா இந்தத் தவளையை எல்லாம் அனுப்பினது ஏலாளோட கடவுள்தானே?"

"ஆமா."

"என் பொண்டாட்டி கால் வைக்க இடமில்லாமப் பண்ணினதும் அவர்தானே? என் பிள்ளை போக இருந்துச்சு. அவரை நான் எப்படி நம்புறது?"

மெரிரா ஆற்றைப் பார்த்தார்.

"ஏலாளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். தெரியுமா?"

"தெரியாது ஐயா."

"எபிரேயருக்குப் பொறக்கிற ஆம்பளைப் பிள்ளைய ஆத்துல போடணும்னு அந்தக் காலத்துப் பார்வோன் உத்தரவு. பொறந்து கண்ணுகூடத் திறக்காத பிள்ளை. நம்ம ஊர்க்காரங்கதான் பிடுங்கிட்டு வந்து போட்டாங்க. இந்தப் படித்துறையிலதான்."

பாசேரின் கையிலிருந்து விளக்குமாறு நழுவியது. "அவளா... அவளா என் பிள்ளைக்கு..."

"தவளை என்னைக்கு வந்துச்சு பாசேர்?"

"முந்தாநாள் விடியக்காலம்."

"ஏலாள்?"

"அதுக்கு முந்தின நாள் சாயங்காலம்."

மெரிரா குனிந்து விளக்குமாற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"அப்போ, தவளை உன் வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே அவளைக் கொண்டாந்து உன் வாசல்ல உக்காரவச்சது யாருப்பா?"

பாசேர் சூளை இருக்கும் திசையைப் பார்த்தபடி நின்றான்.