ரகுபதி யாரு?

"மேடம், என் கம்ப்யூட்டர்ல நம்ம தளத்துக்குப் பூட்டுக் குறி பளிச்சுனு இருக்கு. ஜனங்களுக்குத்தான் போனைப் பார்க்கத் தெரியலை" என்றார் தணிகாசலம்.

மருத்துவமனையின் இணையதளத்தைக் கவனிப்பது அவர் வேலை. அதை அவருக்குக் கற்றுக்கொடுப்பவர் பெனாசிர். குருவுக்குக் கருகருவென்று கூந்தல். சீடருக்குத் தலையில் முடியே கிடையாது.

அன்று காலைதான் தணிகாசலம் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதிதாக மாற்றியிருந்தார். அதிலிருந்து பலருடைய போனில், 'இந்தத் தளத்தை நம்ப முடியாது' என்று சிவப்பாக எச்சரிக்கை.

டயாலிசிஸுக்கு நேரம் பதிவு செய்வது அந்தத் தளத்தில்தான். முத்தரசி என்ற பெண் தன் அம்மாவுக்காக அழாத குறையாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"சான்றிதழ் அசல்தானே மேடம்?"

"அசல்தான்."

"அப்புறம் என்னதான் கோளாறு?"

பெனாசிர் எழுந்தார். அவரைத் தன் அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

இதென்ன கூத்து! தணிகாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான் மேடம், தணிகாசலம்."

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது."

"விளையாடாதீங்க. ரகுபதி சார் கையெழுத்துப் போட்டு வேலைக்கு எடுத்த ஆளு நான். இந்தா ஆர்டர் இருக்கு."

"ரகுபதி யாரு?"

"நம்ம டைரக்டர் நியமிச்சவரு."

"டைரக்டரைத் தெரியும். ரகுபதி அவர் ஆளுதான்னு எப்படி நம்புறது? அதுக்கு அத்தாட்சி?"

"என்னோடதைத்தான் கொண்டாந்தேன். அவரோடதையுமா நான் தூக்கிட்டு அலைய முடியும்?"

கதவு திறக்கவில்லை.

தணிகாசலம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். சான்றிதழோடு இன்னொரு கோப்பும் வந்திருந்தது. தளத்தின் சான்றிதழில் கையெழுத்திட்ட நிறுவனத்தை நம்பலாம் என்று, எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெரிய நிறுவனம் சொல்லும் சான்றிதழ் அது. நமக்கெதற்கு என்று அதைத் தளத்தில் ஏற்றாமல் விட்டிருந்தார்.

"ஐயையோ!"

தன் இருக்கைக்கு ஓடினார். அந்தக் கோப்பையும் சேர்த்து ஏற்றினார். முத்தரசியைக் கூப்பிட்டார்.

"இப்ப பாரும்மா."

"சிவப்பு போயிருச்சு சார்! நாளைக்குக் காலையில அம்மாவுக்கு நேரம் கெடைச்சிருச்சு!"

தணிகாசலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தார். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

பெனாசிர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"காலையிலேர்ந்து எத்தனை தடவை சோதிச்சேன் மேடம். என் கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அது பல தளத்துக்கும் போய் ஊரெல்லாம் சுத்தின ஆளு அண்ணா. ரகுபதி மாதிரி நடுவுல இருக்கறவங்களை எல்லாம் அதுக்கு முன்னாடியே பழக்கம்."

பெனாசிர் அவர் தோளில் லேசாகத் தட்டினார்.

"முத்தரசி போனுக்கு இங்க யாரைத் தெரியும்?"