ஏழு அறை கேட்ட மஞ்சள் வணிகன்

சண்டை வந்த பிறகுதான் வீட்டின் நடுவே சுவர் எழும்புகிறது என்று உலகம் நம்புகிறது. இது பெரும் பிழை. கற்றறிந்தவர்களும் கூசாமல் செய்யும் பிழை. கேட்பவர்களே, நன்றாக விசாரித்துப் பாருங்கள். பல வீடுகளில் முதலில் எழும்பியது சுவர்தான். சண்டை அதன் நிழலில் வந்து குடியேறியது.

முன்னொரு காலத்தில், யானைகளைவிட அமைச்சர்கள் அதிகமாக இருந்த ஒரு நாட்டில், செவ்வந்தியப்பன் என்றொரு மஞ்சள் வணிகன் இருந்தான். அவனுக்குச் சுற்றம் என்று இருந்தவன் தம்பி மலையாண்டி ஒருவனே.

இருவருக்கும் ஒரே அறை. அதில் பாதி மஞ்சள் மூட்டை. மீதியில் ஒருவன் கால் நீட்டினால் மற்றவன் வாசலுக்குப் போக முடியாது. படுத்திருப்பவனைத் தாண்டுவதோ பாவம். ஆகவே, எவ்வளவு கோபம் இருந்தாலும், போகிறவன் வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

ஒருமுறை தம்பி ஒரு மூட்டையை மழையில் நனையவிட்டான். அண்ணன் ஏசினான். "இனி உன்னோடு பேசினால் கேளு" என்றான் தம்பி. பொழுது சாய்வதற்குள், "அண்ணே, கால மடக்கு" என்றான். சண்டை தீர்ந்தது.

மறுமுறை, தம்பி ஆசைப்பட்ட பெண்ணை அண்ணன் "கொக்கு" என்று சொல்லிவிட்டான். அன்று சோறு வேகும்வரை மௌனம். பிறகு தம்பி எழுந்தான்.

"எருமையே, கால மடக்கு."

"எருமைக்கு நாலு காலாச்சே. எதைடா மடக்க?"

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அந்த நாளில் அரசன் முரசறைவித்தான்: ஒரே வீட்டில் இருவர் ஓராண்டு சத்தம் போடாமல் வாழ வழி சொல்பவனுக்குப் பொற்கடகம். புலவர்கள் பொறுமை என்றார்கள். துறவிகள் அன்பு என்றார்கள். தம்பியின் முழங்கையால் விலா நொந்திருந்த செவ்வந்தியப்பன் மட்டும், "ஏழு அறை, இரண்டு வாசல், இரண்டு கிணறு கொடுங்கள். நாங்களே வாழ்ந்து காட்டுகிறோம்" என்றான்.

அரசன் கொடுத்தான்.

குடிபுகுந்த மறுநாள் காலையில் அண்ணன் விளையாட்டாகச் சொன்னான்: "உன் குறட்டை இல்லாம இன்னைக்குத்தான்டா மனுஷனாத் தூங்கினேன்."

மலையாண்டியின் முகம் சுருங்கியது. பேசாமல் தன் அறைக்குப் போனான்.

செவ்வந்தியப்பன் காத்திருந்தான். தம்பி வெளியே போனான், தன் வாசல் வழியாக. தண்ணீர் இறைத்தான், தன் கிணற்றில். அண்ணன் கூடத்தின் நடுவே வேண்டுமென்றே கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தான். சுற்றிக்கொண்டு போக இடம் தாராளமாக இருந்தது.

'அவனே வரட்டும்' என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான். அந்த ஆண்டு முழுதும் நினைத்தான்.

ஆண்டு முடிந்ததும் அரசன் வந்தான். "சத்தம் ஏதும் கேட்டதா?" என்று, அந்த வீட்டைக் கவனிக்கத் தான் நிறுத்தியிருந்த காவலனிடம் கேட்டான்.

"ஒரு சத்தமும் இல்லை, அரசே."

அரசன் மகிழ்ந்து செவ்வந்தியப்பன் கையில் கடகத்தைப் பூட்டினான். "தம்பியையும் கூப்பிடு. அவனுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்."

செவ்வந்தியப்பன் ஏழு அறைகளிலும் கூப்பிட்டான். கடைசி அறையில் ஒரு பாய் சுருட்டிக் கிடந்தது.

காவலன் தயங்கினான். "மேற்கே போன வணிகர்களோடு அவர் கிளம்பி ஒன்பது நாளாச்சுங்க. உங்களுக்குத் தெரியுமென்று நினைத்தேன்."

வீட்டில் இடம் பெருகினால், முதல் வார்த்தையை நாமே தேடிப்போய்ப் பேச வேண்டும் என்பதே இந்தக் கதையின் நீதி.

செவ்வந்தியப்பன் கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தான். எந்த அறையில் படுத்தாலும் கால்களை மடக்கியே படுத்தான்.