உப்புப் பார்த்தே தீர்ந்த கோசுமல்லி

சித்திரை வெயிலில் காட்டாறு வற்றிப்போயிருந்தது. பாறைகளுக்கு நடுவே ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது. கரடி பொம்மன், குரங்கு சில்லாயி, காட்டுப்பன்றி கோரையன், முயல் பஞ்சு நால்வரும் காலையில் அங்கேதான் தண்ணீர் குடிக்க வருவார்கள். புள்ளிமான் மருதியும் தன் சின்னக் குட்டியோடு வருவாள்.

ஒருநாள் எல்லோரும் தலையைக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தபோது மருதி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ப்பாறைக்குப் பின்னால் ஒரு சிறுத்தை பதுங்கிப் பதுங்கி வந்துகொண்டிருந்தது. மருதி நினைத்திருந்தால் குட்டியோடு சத்தமில்லாமல் நழுவியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், காடே அதிரும்படி குரல் கொடுத்தாள். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடினார்கள். சிறுத்தை வெறும் வயிற்றோடு திரும்பிப் போனது.

ஆனால் ஓடும்போது மருதியின் முன்னங்கால் பாறை இடுக்கில் மாட்டிச் சுளுக்கிக்கொண்டது. குட்டைக்குப் பக்கத்திலிருந்த புங்கமரத்தடி வரைக்கும்தான் அவளால் நொண்ட முடிந்தது. அங்கேயே படுத்துவிட்டாள். எட்டிய தூரத்துப் புல்லெல்லாம் மூன்றே நாளில் தீர்ந்தது. இரை குறைந்ததும் பாலும் குறைந்தது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்க்கும். ஒன்றும் வராது. தாயின் முகத்தைப் பார்த்து முனகும்.

இதைப் பார்த்துவிட்டு வந்த பொம்மனுக்கு மனசு கேட்கவில்லை. மற்ற மூவரையும் கூப்பிட்டான்.

"அன்னைக்கு அவ கத்தலைன்னா நம்மள்ல ஒருத்தர் இன்னைக்கு இல்ல. அவளுக்கு நல்லதா ஏதாவது சாப்பிடக் கொடுக்கணும். பால் ஊறுற மாதிரி."

"மலைப்பாதையில ஒரு கொண்டைக்கடலை மூட்டை கெடக்குண்ணே," என்றாள் சில்லாயி. "லாரியிலேருந்து விழுந்தது. நான் ஒண்ணு கடிச்சுப் பார்த்தேன். பல்லுதான் ஆடுது."

"சுண்டல் பண்ணலாமே," என்றான் கோரையன்.

"சுண்டலுக்கு அடுப்பு வேணும். இந்த வெயில்ல காட்டுக்குள்ள நெருப்பு வச்சா நாமதான் சுண்டலாகணும்," என்றாள் சில்லாயி. மலைக்கோயில் வாசலில் பாதி நாளைக் கழிப்பவள் அவள். மனிதர்கள் என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. "ஊறவச்சு முளைகட்டினா போதும். மெத்துன்னு ஆயிடும். அதுல வெள்ளரிப் பிஞ்சும் மாங்காயும் நறுக்கிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, உப்புப் போட்டுக் கிளறினா அதுக்குப் பேரு கோசுமல்லி. வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும்."

கேட்கும்போதே நால்வருக்கும் நாக்கு ஊறியது.

மருதியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார்கள். வேலை மும்முரமாக நடந்தது. தேன் எடுக்க வந்தவர்கள் விட்டுப்போன ஒரு மண்சட்டி பொம்மனிடம் இருந்தது. அதில் கடலையைப் போட்டு ஒரு பொழுது ஊறவைத்தான். பிறகு தேக்கிலையில் பொதிந்து, கொடியால் கட்டி, நிழலில் தொங்கவிட்டான். பிரித்துப் பார்த்தபோது ஒவ்வொரு கடலையின் மூக்கிலும் வெள்ளை வெளேரென்று ஒரு முளை எட்டிப் பார்த்தது.

பஞ்சு ஆற்றுமணலில் படர்ந்திருந்த கொடியிலிருந்து வெள்ளரிப் பிஞ்சுகளை உருட்டிக்கொண்டு வந்தாள். சில்லாயி மாங்காயும் எலுமிச்சையும் பறித்து வந்தாள். கோரையன் உவர்ப்பாறையைச் சுரண்டி ஓர் இலை நிறைய உப்புக் கொண்டுவந்தான்.

பொம்மன் நகத்தால் வெள்ளரியைச் சீவினான். கோரையன் கொம்புபோன்ற பல்லால் மாங்காயைப் பிளந்தான். சில்லாயி எலுமிச்சையைப் பிழிந்தாள். பஞ்சு குட்டையோரத்தில் முளைத்திருந்த வல்லாரைக் கீரையைக் கிள்ளிப் போட்டாள். சட்டி நிறைந்து குவிந்தது. பச்சையும் வெள்ளையும் பழுப்புமாக, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி.

"யாரும் கை வைக்கக் கூடாது. இது மருதிக்கு," என்றான் பொம்மன். பிறகு கொஞ்சம் யோசித்தான். "ஆனா உப்பு சரியா இருக்கான்னு பார்க்காம எப்படிக் கொடுக்கிறது?"

ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். கண்ணை மூடி மென்றான்.

"உப்பு சரியாத்தான் இருக்கு. புளிப்புதான் தெரியல."

"நான் பார்க்கிறேன்," என்று சில்லாயி ஒரு பிடி எடுத்தாள். "கொஞ்சம் கம்மிதான்." இன்னும் பாதி எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, சரியாகிவிட்டதா என்று பார்க்க இன்னொரு பிடி எடுத்தாள்.

"எனக்குத் தெரிஞ்சு கடலை இன்னும் ஊறியிருக்கணும்," என்றான் கோரையன்.

"ஒரு கடலையைத் தின்னு பார்த்துட்டுச் சொல்லு," என்றான் பொம்மன்.

"ஒண்ணுல எப்படித் தெரியும்? நாலு இடத்துல எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்." அவன் நாலு இடத்தில் வாய் வைத்தான். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பள்ளம் விழுந்தது.

பஞ்சு மட்டும் தள்ளி உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்லத் தத்தி வந்தாள். "கசப்பு வெள்ளரி ஒண்ணு உள்ள போயிருக்குமோன்னு பயமா இருக்கு. மருதி அக்கா வாயில அது பட்டுடக் கூடாது." கசப்பு வெள்ளரியைத் தேடி ஒவ்வொரு துண்டாகத் தின்ன ஆரம்பித்தாள்.

வெள்ளரி குறைந்ததும் காரசாரமாக ஒரு வாக்குவாதம் வந்தது. வெள்ளரி இல்லாத கோசுமல்லி நன்றாக இருக்குமா, இருக்காதா என்று. தின்று பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. நன்றாகவே இருந்தது.

பொம்மன் அடுத்த முறை கையை விட்டபோது நகம் சட்டியின் அடியில் கீறிச் சத்தம் எழுப்பியது. நால்வரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே ஒரே ஒரு கடலைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பொம்மன் சட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான்.

"நான் மூணு பிடிதான் எடுத்தேன்," என்றாள் சில்லாயி.

"நான் வெள்ளரி மட்டும்தான்," என்றாள் பஞ்சு.

"உப்புப் பார்த்தது தப்பா?" என்றான் கோரையன்.

பொம்மன் யாரையும் திட்டவில்லை. முதல் பிடி அவனுடையது.

"இப்ப என்ன சொல்றது அவகிட்ட? காலையிலிருந்து வழியைப் பார்த்துக்கிட்டுக் கெடப்பா."

"காக்கா வந்து கவுத்துடுச்சுன்னு சொல்லிடலாம்," என்றாள் சில்லாயி. "நான் சொல்றேன். நீங்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு நில்லுங்க, போதும்."

புங்கமரத்தடியில் மருதி அவர்களைக் கண்டதும் எழுந்து நிற்கப் பார்த்தாள். கால் மடங்கியது. குட்டி அவள் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது.

"மருதி, எவ்வளவு ஆசையாப் பண்ணினோம் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள் சில்லாயி. "ஒரு பாழாப்போன காக்கா வந்து சட்டியைக் கவுத்துடுச்சு. எல்லாம் மண்ணாப் போச்சு."

மருதி அதை அப்படியே நம்பினாள்.

"அய்யோ, பாவம். ரெண்டு நாளா வெயில்ல அலைஞ்சீங்களே. அப்ப நீங்களும் ஒண்ணும் சாப்பிடலையா?" அவள் வேருக்குப் பின்னால் வாயை விட்டு, ஒரு பிடி அறுகம்புல்லை இழுத்து முன்னால் வைத்தாள். "சாயங்காலத்துக்குன்னு வச்சிருந்தேன். பஞ்சு, நீ சின்னவ, பசி தாங்க மாட்ட. நீ எடுத்துக்க."

பஞ்சு அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வயிறு வெள்ளரியால் உருண்டையாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கோரையனுக்கு ஒரு பெரிய ஏப்பம் வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. மாங்காய் வாசம் மரத்தடி முழுக்கப் பரவியது.

"காக்கா இல்ல மருதி," என்றான் பொம்மன். "நாங்கதான் தின்னோம். உப்புப் பார்க்கிறேன்னு நான்தான் ஆரம்பிச்சேன். ஒண்ணும் மிச்சமில்ல."

மருதி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். சில்லாயி வாலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். மருதிக்குக் கோபம் வந்தது உண்மை. பசித்தவளுக்கு வரத்தானே செய்யும்? ஆனால் அந்த நால்வரின் வீங்கிய வயிற்றையும் திருட்டு முழியையும் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

பொம்மனால் பொய் சொல்ல முடியவில்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அப்ப எனக்கும் வேணும். இன்னொரு தடவை பண்ணுங்க. ஆனா என் கண் முன்னால பண்ணுங்க. அதுவரைக்கும் பசிக்கு ஏதாவது கொண்டாங்க. என்னால பொறுத்துக்க முடியும். குட்டி பொறுக்க மாட்டான்."

உச்சி வெயில். மணல் கொதித்தது. அந்த நேரத்தில் சேற்றைவிட்டு நகராத கோரையன்கூட எழுந்து நடந்தான். பக்கத்துக் கொடியில் பஞ்சு ஏற்கெனவே எல்லாப் பிஞ்சையும் பறித்துவிட்டதால் ஆற்றின் அடுத்த வளைவு வரைக்கும் போக வேண்டியிருந்தது. சூடு தாங்காமல் பஞ்சு துள்ளித் துள்ளி ஓடினாள். கடைசியில் பொம்மன் அவளைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டான். அங்கே புதருக்கடியில் ஐந்து வெள்ளரிக்காய் கிடைத்தன. கோரையன் ஈர மணலைக் கிளறித் தளதளவென்று ஒரு கட்டுக் கோரைப்புல்லைப் பிடுங்கினான். சில்லாயி மரம் மரமாகத் தாவி, இளந்தளிராகப் பார்த்து ஒடித்துப் போட்டாள்.

மருதி எல்லாவற்றையும் தின்று முடித்தாள். பொழுது சாய்வதற்குள் குட்டி முட்டியபோது கொஞ்சம் பால் சுரந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நால்வரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

மூட்டையின் அடியில் இன்னும் ஒரு சட்டிக் கடலை இருந்தது. மறுபடியும் ஊறவைத்தார்கள். மறுபடியும் தேக்கிலையில் கட்டித் தொங்கவிட்டார்கள். முளை வந்ததும் பொட்டலத்தைப் பிரிக்காமலே புங்கமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளரியும் மாங்காயும் எலுமிச்சையும் அங்கேயே, மருதியின் மூக்குக்கு முன்னால் நறுக்கப்பட்டன. பஞ்சு வாயை இறுக்க மூடிக்கொண்டாள். சில்லாயி தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். பொம்மன் கிளறிவிட்டு, விரலில் ஒட்டியதைக்கூட நக்காமல் புல்லில் துடைத்தான்.

"நீதான் முதல்ல பார்க்கணும் மருதி. சொல்லு, எப்படி இருக்கு?"

மருதி ஒரு வாய் எடுத்து நிதானமாக மென்றாள். நால்வரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"கொஞ்சம் உப்பு போதல," என்றாள்.

கோரையன் ஒரே ஓட்டமாக உவர்ப்பாறைக்கு ஓடினான். அவன் கொண்டுவந்த உப்பைத் தூவியதும் மருதி மறுபடி சட்டிக்குள் தலையை விட்டாள். பாதிச் சட்டி காலியாகும் வரை தலையை எடுக்கவே இல்லை. பிறகு, "இதுக்கு மேல எனக்கு வயித்துல இடமில்ல, வாங்க," என்று நால்வரையும் கூப்பிட்டாள். மிச்சத்தை அவர்கள் ஆளுக்கொரு வாய் தின்றார்கள். அன்றைக்கு அது இன்னும் ருசியாக இருந்தது என்று பொம்மன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பத்து நாளில் மருதியின் கால் சரியானது. குட்டி கொழுகொழுவென்று காடெங்கும் துள்ளித் திரிந்தது.

பிறருக்கென்று ஒன்றைச் செய்யும்போது, அதன் முதல் ருசியும் அவர்களுக்கே போய்ச் சேர வேண்டும்.