சூடேறினால் நிற்கும் லாரி

பண்ணாரிக்குப் பக்கத்தில், மலை ஏறும் லாரிகளுக்கென்று ஒரு பட்டறை இருந்தது. நடத்தியவர் ருக்கையா மேஸ்திரி. அவரிடம் வேலை கற்க வந்த செங்கோடன் அவரைவிட மூத்தவர். காலமெல்லாம் லாரி ஓட்டி, முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் ஸ்பேனரைப் பிடித்தவர். பிடிவாதம் மட்டும் அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

மாதேசனின் பழைய லாரி அந்தப் பிடிவாதத்தையே பதம் பார்த்தது. காலையில் ஜம்மென்று கிளம்பும். இன்ஜின் சூடேறியதும் இருமி நின்றுவிடும். வண்டி நின்ற இடத்துக்கே செங்கோடன் போவார். ஃபில்டரை மாற்றினார். டீசல் பம்ப்பைக் கழற்றி மாட்டினார். ஒவ்வொரு முறையும் ஓடியது, பிறகு நின்றது. கடைசியாக நின்றது கொண்டை ஊசி வளைவில். பின்னால் உருண்டு தடுப்புச் சுவரில் முட்டியதால் மாதேசன் பிழைத்தார்.

"இன்னைக்குச் சரியாகலைன்னா பழைய இரும்புக்குப் போட்டர்றனுங்க," என்றார் மாதேசன். அவருக்கு இருந்தது அந்த ஒரு வண்டிதான்.

செங்கோடன் மேஸ்திரியிடம் வந்தார்.

"சூடானா நின்னுருது, ஆறுனா கெளம்பிருதுங்க மேஸ்திரி. சூட்டுல எந்தச் சாமான் மக்கர் பண்ணுதுன்னு கண்டுபிடிக்காம நான் இன்னைக்குச் சோறு திங்கமாட்டேன்."

"நிக்கற வரைக்கும் ஓட்டிப் பாக்கலாங்கண்ணா."

மூவரும் ஏறிப் போனார்கள். மேடு தொடங்கியதும் லாரி நின்றது. செங்கோடன் காலை இழுத்து இழுத்து இறங்கி, வழக்கம்போல டீசல் டேங்க் மூடியில் கை வைத்தார். ருக்கையா அந்தக் கையைத் தடுத்தார்.

"எதுக்குங்கண்ணா?"

"டீசல் இருக்குதான்னு குச்சி விட்டுப் பாக்கோணுமுங்களே. நின்ன வண்டியில மொத வேலை அதுதானுங்க."

"இன்னைக்கு வேண்டாம். ஒண்ணையும் தொடாதீங்க."

சும்மா இருப்பதைவிடப் பெரிய தண்டனை செங்கோடனுக்கு இல்லை. வெயில் சாயும்வரை புளியமரத்தடியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதேசன் வண்டியைப் பார்க்கவே இல்லை. ருக்கையா எழுந்து இன்ஜினில் உள்ளங்கையை வைத்தார். நன்றாக ஆறியிருந்தது.

"கெளப்புங்க."

மாதேசன் சாவியைத் திருப்பினார். கிளம்பவில்லை. மறுபடியும் திருப்பினார். ம்ஹூம்.

"ஆறியும் கெளம்பலீங்களே!" செங்கோடனுக்கு வேர்த்துவிட்டது.

"இப்ப மூடியைத் தொறங்க."

திறந்தார். டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. ருக்கையா கையால் பம்ப் அடித்து டீசலை ஏற்றினார். அடுத்த திருப்பில் லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. மாதேசன் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மூடிக்கு அடியில் ஒரு பாலித்தீன் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வளைவுகளில் டீசல் சிந்தாமலிருக்க மலைப்பாதை டிரைவர்கள் செய்யும் வேலை அது. மூடியில் காற்றுக்காக விட்டிருந்த துளையை அது அடைத்துக்கொண்டிருந்தது. டீசல் குறையக் குறைய, உள்ளே காற்று போக வழியில்லாமல் இன்ஜினுக்கு டீசல் வருவது நின்றுபோகும்; அதற்கு ஆகும் நேரமும் இன்ஜின் சூடேறும் நேரமும் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான். மாதேசனுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததே செங்கோடன்தான்.

செங்கோடன் தாளை உருவி எடுத்தார்.

"அப்ப இத்தனை நாளா நான் எதைத்தானுங்க சரி பண்ணுனேன், மேஸ்திரி?"

"இதைத்தாங்கண்ணா. டீசல் பாக்கத் தொறந்தப்பவெல்லாம் சரி பண்ணிட்டீங்க. அப்புறம் தாளை வெச்சு, நீங்களே இறுக்கி மூடிட்டீங்க."