நரி நக்காத உருண்டை

மலையடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். அதை ஒட்டி ஒரு குளம். குளக்கரைப் புதரில் ஒரு கோழி தன் குஞ்சுகளோடு குடியிருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளாடும், நாவல் மரத்தில் ஒரு குரங்கும் இருந்தன. எல்லோருக்கும் காவல் ஒரு செவலை நாய்.

எதிர்க்கரையில் ஒரு நரி இருந்தது. அதற்குக் குஞ்சுகள் மேலேயே கண். ஆனால் நாய் இருக்கும்வரை எச்சில் விழுங்குவதோடு சரி.

ஒரு நாள் குஞ்சு ஒன்று தவறிக் குளத்தில் விழுந்தது. நாய் பாய்ந்து, பல் படாமல் கவ்விக் கரை சேர்த்தது. கோழிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணனுக்கு நாம ஒரு விருந்து வைக்கணும்!" என்றது கோழி.

"சமையலை என்கிட்ட விடு! இங்க கை இருக்கிறவன் நான் ஒருத்தன்தானே!" என்றது குரங்கு.

அது நேரே தோட்டத்துக்குப் போனது. அங்கே காயப்போட்டிருந்த திராட்சையையும், காவல் குடிசையில் இருந்த வெல்லத்தையும் அள்ளிக்கொண்டு வந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

"அண்ணனுக்கு இது பிடிக்குமா?" என்று கோழி கேட்டது.

"எனக்குப் பிடிக்குதே! பிறகு அவருக்குப் பிடிக்காம போகுமா?"

"அப்படின்னா வெங்காயத்தாளையும் சேர்த்துக்க! எனக்கு அதுன்னா உயிர்!" என்றது ஆடு.

நாய் பத்தடி தள்ளிக் கரையில் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தது. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

வாசனை பிடித்து நரி வந்து சேர்ந்தது. தலையைத் தாழ்த்திக் கும்பிடு போட்டது.

"நாயும் நானும் பங்காளிங்க. நல்ல நாள் அதுவுமா பகை எதுக்கு? நானும் ஒரு கை பிடிக்கிறேன்!"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் விருந்துக்கு வந்தவரை விரட்டுவது முறையா? கோழி குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது; கரையில் இருந்த நாயும் நரி மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"திராட்சையைத் தாராளமாப் போடு மாப்ளே! எங்க இனத்துக்கு இதுதான் அமிர்தம்!" என்று குரங்கை ஏற்றிவிட்டது நரி. "இலையில வச்சதை மிச்சம் வைக்கக் கூடாதுன்னும் பங்காளிகிட்டச் சொல்லிடு!"

குரங்குக்குத் தலைகால் புரியவில்லை. திராட்சையை இடித்து, வெல்லமும் வெங்காயத்தாளும் சேர்த்துப் பிசைந்தது. நரியும் உட்கார்ந்து உருண்டை பிடித்தது.

அப்போது கோழி ஒன்றைக் கவனித்தது. நரியின் காலெல்லாம் திராட்சை கலந்த வெல்லப் பிசுக்கு. மீன் செதிலைக்கூட விடாமல் நக்குகிற நரி, அந்தக் காலை நக்கவில்லை. புல்லில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தது.

விருந்து தொடங்கியது. நாய் கூச்சத்தோடு வந்து இலை முன்னால் உட்கார்ந்தது. அதற்கு இலை போட்டு யாரும் பரிமாறியதே இல்லை. உருண்டையின் வாசம் அதற்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றால் வைத்தவர் மனம் நோகுமே! நாய் வாயைத் திறந்தது.

"நிறுத்துங்க அண்ணே!" கோழி பறந்து வந்து இலை மேலேயே குதித்தது. "முதல் உருண்டையை உங்க பங்காளி சாப்பிடட்டும்!"

நரி திடுக்கிட்டது. "நா... நான் இன்னைக்கு விரதம்!"

"காலையில நண்டு பிடிச்சுத் தின்னீங்களே!"

"அதான் வயிறு சரியில்லை!"

குரங்குக்குக் கோபம் வந்துவிட்டது. "என் சமையலையா வேண்டாங்கிறே?" என்று நரியின் காதைப் பிடித்து, ஓர் உருண்டையை அதன் வாயருகே கொண்டுபோனது.

"ஐயோ, வேண்டாம்! செத்துப்போவேன்!" என்று அலறியது நரி. "தோட்டத்துல ஒரு நாய் இந்தத் திராட்சையைத் தின்னுதான் வாந்தி எடுத்து, மூத்திரம் நின்னு செத்துச்சு! என் கண்ணால பார்த்தேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அதற்குப் புரிந்தது. நாய் எழுந்தது. நரி காதை உருவிக்கொண்டு ஓட்டம் பிடித்தது.

குரங்கு தலையில் கை வைத்து அழுதது. "ஆசை ஆசையாத்தானே அண்ணே செஞ்சேன்!"

"ஆசையாத்தான் செஞ்சே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி!" என்றது நாய்.

"இப்பக் கேக்கிறேன். உங்களுக்கு என்னண்ணே ஒத்துக்கும்?"

"சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, எதுவானாலும் வேகவச்சுக் கொடு. உப்பு வேண்டாம், வெல்லம் வேண்டாம். ஒருதரம் வெங்காயம் தின்னுட்டுப் படுத்த படுக்கையாக் கிடந்தேன், அதுவும் வேண்டாம். அப்புறம், வெந்த கோழி எலும்பு தொண்டையில குத்தும்..."

"அந்தப் பேச்சே வேண்டாம்!" என்றது கோழி.

குரங்கு அந்த உருண்டைகளை எல்லாம் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தது. பிறகு காவல் குடிசை அடுப்பில் கிழங்கை வேகவைத்தது. தோலை உரித்து, ஆறவைத்து, தொண்டையில் சிக்காதபடி சின்னச் சின்னத் துண்டாக்கி இலையில் குவித்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டே நாலு துண்டு தின்றது. அதோடு எழுந்துவிட்டது.

"ஏண்ணே, நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பலகாரம் சோறு ஆகாது தம்பி. காவல் காக்கிறவனுக்கு வயிறு லேசா இருக்கணும்!"

மிச்சத்தை ஆடு தின்று தீர்த்தது.

பொழுது சாய்ந்ததும் நரி பதுங்கி வந்தது. 'விருந்து தின்ற மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பான்' என்று அது கணக்குப் போட்டிருந்தது. குஞ்சை நோக்கிக் கழுத்தை நீட்டியது. பின்னால் ஓர் உறுமல்!

அன்றைக்குப் பாதி வாலை விட்டுவிட்டு ஓடிய நரி அந்தக் கரைப்பக்கம் திரும்பி வரவே இல்லை. குரங்கு மட்டும் இன்றைக்கும் யாருக்கு எது கொடுத்தாலும், "இது உங்களுக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறதாம்.

நமக்குப் பிடித்ததைக் கொடுப்பது அன்பாகாது. வாங்குகிறவர் உடம்புக்கு ஏற்றதை, அளவோடு கொடுப்பதே அன்பு.