கலியமூர்த்தி வேட்டைக்குக் கேமரா தேடிய கதை

நீடாமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் நூருல்லாவின் போட்டோ ஸ்டூடியோவுக்குள் நுழையும்போதே கலியமூர்த்திக்கு உள்ளூரப் பயம். அதை வெளியே காட்டிக்கொள்கிற ஆளா அவர்? மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கூட வந்த மச்சினன் சிங்காரவேலு, ஓடிவிடாதபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

விஷயம் இதுதான். அறுப்புக்கு முன்னால் ஊரே சேர்ந்து வயலில் எலி வேட்டைக்கு இறங்கும். எலி வளை வாயில் வைக்கோல் புகையும் பானையை வைத்து முதல் புகை ஊதுகிறவர்தான் அன்றைக்குத் தலைவர். பதினெட்டு வருஷமாக அந்தப் பானை கலியமூர்த்தி கையில். ஊதுவார், உடனே வரப்பில் ஏறிக்கொள்வார். எலியைப் பிடிப்பதெல்லாம் மற்றவர்கள், சாயங்காலம் கதை அளப்பது மட்டும் அவர். இந்த வருஷம் சிங்காரவேலு ஊர்க்கூட்டத்தில் எழுந்து, “மாமா வேட்டையாடுறதைப் படம் புடிச்சுக் காட்டட்டும். இல்லேன்னா பானை எனக்கு” என்றுவிட்டான். ஊரும் தலையாட்டிவிட்டது.

பானை போனால் அவரை எவன் மதிப்பான்? படம் எடுத்தாலோ மானமே போய்விடும். தம் வேட்டைக்கு எந்தக் கேமராவும் ஈடுகொடுக்காது என்று அடித்துப் பேசிவிட்டால் தப்பிக்கலாம். அந்த ஒரு நம்பிக்கையில்தான் வந்திருந்தார்.

நூருல்லா, நெற்றியில் கட்டும் குட்டிக் கேமராவை எடுத்து வைத்தார். “இதைக் கட்டிக்கிட்டா ரெண்டு கையும் சும்மா இருக்கும்ணே.”

“என் வேகம் தாங்காது பாய். போன வருஷம் ஒரு எலியைத் தொரத்துனேன். நான் வலங்கைமான் போய்ச் சேந்துட்டேன், என் நெழல் மூணு கிலோமீட்டர் பின்னால வந்துகிட்டு இருக்கு. நின்னு கூட்டிக்கிட்டுல்ல வந்தேன்!”

“போன வருஷம் உங்களுக்கு மூட்டுவலி மாமா.”

“அதனாலதான்டா மெதுவா ஓடுனேன்!”

அடுத்து நீளமான லென்ஸ் ஒன்று வந்தது. தூரத்தில் நின்றே எடுக்கலாம் என்றார் நூருல்லா.

“எலி சைஸு தெரியாமப் பேசுறீங்க. மூஞ்சியை இன்னிக்கு எடுத்தா வாலை நாளைக்குத்தான் எடுக்க முடியும். ஒண்ணைப் புடிச்சு ஏர்ல பூட்டி நாலு மா நெலம் உழுதேன் பாய்.”

“நடவும் நட்டுச்சா மாமா?”

“நட்டுச்சு. வரிசைதான் கொஞ்சம் கோணல். எலிகிட்ட அதுக்கு மேல எதிர்பாக்கலாமா?”

காற்று இரைச்சல் விழாமல் இருக்க ரோமம் போர்த்திய மைக் ஒன்றை நூருல்லா நீட்டினார். “இதைப் பாத்துப் பூனைன்னு எலி ஓடிரப்போவுது” என்றான் சிங்காரவேலு.

“ஓடுமா? நம்மூரு எலிங்க நாலு பூனையப் புடிச்சு வளை வாசல்ல காவலுக்குக் கட்டிப் போட்டிருக்குடா!”

இதற்குள் கலியமூர்த்திக்குப் பயம் சுத்தமாக மறந்துவிட்டது. நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

“உள்ளதைச் சொல்லிடுறேன். என்னை ஏற்கெனவே படம் எடுத்தாச்சு. எடுத்தது எலி! வெளியூர்க்காரன் ஒருத்தன் வயல்ல கேமராவை விட்டுட்டுப் போனான். வளைக்குள்ள இருந்தபடியே என் வேட்டை மொத்தத்தையும் எடுத்துடுச்சுங்க. இன்னிக்கு மன்னார்குடி வரைக்கும் ஒவ்வொரு வளையிலயும் அந்தப் படம்தான் ஓடுது. குஞ்சு சோறு திங்கலைன்னா என் மூஞ்சியக் காட்டித்தான் ஊட்டுதுங்க.”

சிங்காரவேலு சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மரியாதையாகக் குனிந்தான்.

“அப்ப எல்லா எலிக்கும் உங்களைத் தெரியும்?”

“அத்துப்படி!”

“பாத்த உடனே ஓடிரும்?”

“ஊரை விட்டே!”

“அப்பறம் உங்களுக்குப் புகை எதுக்கு மாமா? பானைய எங்கிட்டக் குடுத்துட்டு எப்பவும் போல வரப்புல நில்லுங்க.”

கலியமூர்த்தி சம்மணத்தைக் கலைத்துக் காலைக் கீழே போட்டார். பதினெட்டு வருஷத்துப் பானை கண்ணெதிரே கைமாறிப் போவதை நினைத்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

நூருல்லா கேமராக்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார்.

“வெயில்ல அவரு எதுக்கு நிக்கணும் தம்பி? அண்ணே, உள்ள வந்து உக்காருங்க. பாஸ்போர்ட் சைஸ் எட்டுக் காப்பி போட்டுத் தர்றேன். வயலுக்கு ஒண்ணா குச்சியில சொருகி வச்சிருங்க.”